எஸ்டீம் பானெட்டுக்குள் வழவழ பெயிண்ட்: டேப்பெட் கவர் முதல் பேட்டரி டிரே வரை

வீட்டில் நிற்கும் மாருதி எஸ்டீம் 2004 மாடல், எம்.பி.எஃப்.ஐ. 1298 சிசி 16 வால்வு எஞ்சின். இந்த வண்டி 1994-இல் வந்தது, 2007-இல் நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் கோயமுத்தூர் பக்கம் இன்னமும் நல்ல நிலைமையில் ஓடுகிற எஸ்டீம்களைப் பார்க்கலாம். எங்கள் வண்டியும் எஞ்சினில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. வெளியே பெயிண்ட் சுமாராக இருக்கிறது. பானெட்டைத் திறந்தால்தான் மனசு கேட்காது. டேப்பெட் கவர், அதாவது எஞ்சினின் தலையை மூடுகிற வார்ப்பு மூடி, முழுக்க எண்ணெய்க் கறை, அலுமினியம் வெளுத்துப் பொரிந்து கிடக்கும். பேட்டரி டிரேயில் ஆசிட் பட்ட இடமெல்லாம் துரு, ரேடியேட்டர் மேல் பிராக்கெட்டில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து நிற்கும். இதையெல்லாம் கழற்றி, வார்ப்பின் சொரசொரப்பே தெரியாத அளவுக்கு வழவழவென்று அடர் சாம்பல் நிறத்தில் அடிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. முடித்துவிட்டேன். எப்படிச் செய்தேன், எந்த இடத்தில் நேரம் போகும், எதைத் தொடவே கூடாது என்று எழுதி வைக்கிறேன், இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும்.

முதலில் ஒன்று. கலர் அடிக்கிற வேலை அரை மணி நேரம்தான். அதற்கு முன்னாடி எண்ணெயை எடுப்பது, தேய்ப்பது, சர்ஃபேசர் (சின்னப் பள்ளங்களை நிரப்புகிற அடிப்பூச்சு) போட்டு மறுபடி தேய்ப்பது, இதில்தான் வேலை மொத்தமும் இருக்கிறது. பெயிண்ட் எந்தப் பள்ளத்தையும் மூடாது, பளபளப்பு கூடக் கூடப் பள்ளம் இன்னும் நன்றாகத் தெரியும். மேட் கறுப்பு அடித்தால் மறைகிற கீறல், கிளியர் கோட் (கலருக்கு மேல் போடுகிற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) போட்டதும் பத்தடி தள்ளி நின்றாலே கண்ணில் படும்.

கழற்றுவதற்கு முன்னால் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிளக் ஒயர் எது எந்த சிலிண்டருக்கு, எந்த ஹோஸ் எங்கே போகிறது, எந்த போல்ட் நீளம், எது குட்டை என்று டேப் ஒட்டி எழுதி வைத்தால் திரும்ப மாட்டும்போது யோசிக்கவே வேண்டாம். கவருக்கு அடியில் எண்ணெய் கசியாமல் தடுக்கிற கேஸ்கெட்டைப் புதுசாக முதலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும், பழையது வெயிலில் வைத்த ரப்பராக இறுகிப் போயிருக்கும், திரும்பப் போட்டால் எண்ணெய் கசிந்து புதுப் பெயிண்டின் மேலேயே வழியும். கவரை எடுத்ததும் வால்வுகளை இயக்குகிற கேம் ஷாஃப்ட் திறந்து கிடக்கும் இல்லையா, அதைத் துணியால் மூடாதீர்கள், நூல் பிரிந்து உள்ளே விழும். கனமான பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிடுவது நல்லது.

அடுத்தது எண்ணெய் எடுப்பது. முதல் கழுவல் டீசலில், பழைய பிரஷ் வைத்து. அப்புறம் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம், சுடுதண்ணீர், மறுபடி சோப்பு. கடைசியாக தின்னரில் துடைப்பு. சில ஒர்க் ஷாப்பில் சீக்கிரம் ஆகட்டும் என்று காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். இரும்புக்கு அது சரி, அலுமினியத்துக்கு ஆகவே ஆகாது. காஸ்டிக் அலுமினியத்தைக் கரைக்கும், ஹைட்ரஜன் வாயு குமிழ் குமிழாகக் கிளம்பும், கேஸ்கெட் உட்காரும் முகமே அரித்துப் போய்விடும்.

துடைக்கிற துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருப்பூர் பக்கத்தில் இருக்கிற நமக்கு பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கும், எல்லா மெக்கானிக் கடையிலும் ஒரு மூட்டை கிடக்கும். டீசல் கழுவலுக்கு அது போதும். ஆனால் பெயிண்ட் அடிப்பதற்கு முந்தைய கடைசித் துடைப்புக்கு வெட்டிய ஓரம் பிரிகிற துண்டுகளைத் தொடவே கூடாது. அந்த மூட்டையிலேயே நன்றாகத் துவைத்த, இழுத்தால் பஞ்சு உதிராத வெள்ளை இன்டர்லாக் துணியாகப் பொறுக்கித் தனி டப்பாவில் மூடி வைத்துக்கொண்டேன். சாயத் துணி வேண்டாம், தின்னர் பட்டால் சாயம் இறங்கும்.

சின்ன மணிகளை வேகமாக வீசியடித்துச் சுத்தம் செய்கிற ஷாட் பிளாஸ்டிங் செய்தால் ஒரே அடியில் சுத்தமாகிவிடுமே என்று தோன்றும். கோயமுத்தூரில் ஃபவுண்டரிகளை நம்பியே எத்தனையோ பிளாஸ்டிங் கடைகள் இருக்கின்றன, கொண்டுபோய்க் கொடுத்தால் சீக்கிரமே முடித்துக் கொடுப்பார்கள். பேட்டரி டிரே, பிராக்கெட், கிளாம்ப் எல்லாவற்றையும் அப்படித்தான் கொடுத்தேன். டேப்பெட் கவரைக் கொடுக்கவில்லை. கவருக்கு உள்பக்கம் எண்ணெய் ஆவியைத் தடுக்க ஒரு தகடு இருக்கும், அதற்குப் பின்னால் சின்ன அறை. பிளாஸ்டிங் பொடி அதற்குள் போய்விட்டால் எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் முழுசாக வராது. எஞ்சின் சூடாகி ஓடும்போது ஒவ்வொரு மணியாக எண்ணெயில் இறங்கி கேம், பேரிங் எல்லாவற்றையும் கோடு கோடாகக் கிழித்துவிடும். கவர் அழகுக்காக எஞ்சினைப் பணயம் வைப்பது நியாயமில்லை. பெயிண்ட் ரிமூவர், பித்தளை பிரஷ், கையுழைப்பு, இதுதான் கவருக்கு வழி.

இனிமேல் சொல்வதுதான் பலர் விட்டுவிடுகிற கட்டம். வார்ப்பு அலுமினியத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். இருபது வருஷம் சூடான எஞ்சின் ஆயிலோடு இருந்த கவர் அந்த எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும். மேலே எவ்வளவு துடைத்தாலும் சூடு பட்டதும் உள்ளிருந்து வேர்த்து வெளியே வரும், பெயிண்ட் கொப்பளிக்கும். அதனால் பெயிண்ட் போடுவதற்கு முன்பே ஒரு தடவை சூடாக்கி வேர்க்க வைத்துவிட வேண்டும். பழைய ஓ.டி.ஜி. அடுப்பு ஒன்று கிடைத்தது, அதை வெளித் திண்ணையில் வைத்து 130 டிகிரி சுமாருக்கு அரை மணி நேரம் சூடாக்கினேன். சுத்தம் என்று நினைத்த கவரில் பழுப்பாக எண்ணெய் கசிந்து நின்றது. ஆறியதும் தின்னரில் துடைத்து மறுபடி சூடு, மறுபடி துடைப்பு, வெள்ளைத் துணியில் கறை வராத வரைக்கும் விடவில்லை. சமையலுக்கு வைத்திருக்கும் அடுப்பில் இதைச் செய்யாதீர்கள், வருகிற புகை நல்லதல்ல. தின்னரில் துடைத்த உடனே உள்ளே வைக்கவும் கூடாது, நன்றாக ஆவியாகிப் போன பிறகுதான்.

வார்ப்பைத் தேய்ப்பது பற்றி எங்கள் சித்தப்பா சொன்னது பெரிய உதவி. கணபதி பக்கம் ஃபவுண்டரியில் ரொம்ப வருஷம் மோல்டராக, அதாவது வார்ப்புக்கு அச்சுப் பிடிப்பவராக, இருந்தவர். கவரைக் கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணு, வார்ப்புக்கு மேல்தோலு ஒண்ணு இருக்குது, அது கெட்டி. அதுக்குள்ள போனா ஊசிக்குத்தாத் தெரியும். மணலைத்தான் எடுக்கோணும், தோலை எடுக்கப்படாது" என்றார். உருகிய உலோகம் அச்சின் சுவரைத் தொட்ட இடம் சீக்கிரம் உறைந்துவிடும், அதனால் அங்கே அடர்த்தியாக இருக்கும். உள்ளே மெதுவாக உறைகிற இடத்தில்தான் வாயு மாட்டிக்கொண்டு துளைகள் நிற்கும். கிரைண்டரை வைத்து ஆழமாக இழுத்தால் அந்தத் துளைகளைத் திறந்துவிடுகிறோம், அப்புறம் அத்தனையையும் அடைக்க வேண்டும். அச்சு சேர்ந்த இடத்துக் கோட்டையும் பிசிறையும் மட்டும் அரத்தால் எடுத்தேன். அலுமினியம் அரப் பல்லில் அடைத்துக்கொள்ளும், அரத்தின் மேல் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் அவ்வளவாக ஒட்டாது. அப்புறம் 120 நம்பர் எமரி, 180, 240, 320 என்று ஏறி வந்தேன். ஒரு நம்பரில் தேய்த்த கோடு முழுக்கப் போகாமல் அடுத்த நம்பருக்குப் போகக் கூடாது, போனால் 120-இன் கீறல் கிளியர் கோட் வரைக்கும் கூடவே வரும். தட்டையான இடத்தில் பேப்பருக்குப் பின்னால் ரப்பர் பிளாக், வளைவில் மடித்த ரப்பர் ஷீட். வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் போன வழியில் பள்ளம் விழும்.

கேஸ்கெட் முகம், போல்ட் உட்காரும் வட்டங்கள், பிளக் குழியில் ரப்பர் வளையம் உட்காரும் இடம், போல்ட் ஏறுகிற மறைகள் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப் ஒட்டி பிளேடால் ஓரம் வெட்டி மறைத்தேன். போல்ட் தலைக்கு அடியில் தடிமனான பெயிண்ட் இருந்தால் முறுக்கும்போது நசுங்கி உரியும், கொஞ்ச நாளில் போல்டும் தளரும்.

பிரைமர் விஷயத்தில் பல்லடத்தில் எனக்குப் பழக்கமான பெயிண்டர் அண்ணன் ஒருவர் வழி சொன்னார். வெறும் அலுமினியத்தின் மேல் சாதாரண பிரைமர் பிடிக்காது, சில மாதத்தில் தோல் மாதிரி உரியும். எபாக்ஸி பிரைமர் அல்லது எட்ச் பிரைமர்தான். நான் போட்டது எபாக்ஸி. எட்ச் பிரைமரில் ஆசிட் இருக்கிறது, அதன் மேல் நேரடியாக, பள்ளம் அடைக்கிற பாலியெஸ்டர் பட்டி வைத்தால் பட்டி சரியாக இறுகாது, அதனால் எட்ச் போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பட்டியை நான் கவரில் பயன்படுத்தவே இல்லை. பட்டி, டிங்கரிங் எல்லாம் பாடிக்குச் சரி. தினமும் 100 டிகிரி பக்கம் சூடாகி ஆறுகிற உலோகத்தில் தடிமனாகப் பட்டி வைத்தால் இரண்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்காது, ஓரத்தில் வெடிப்பு விடும். ஊசிக்குத்துகளை எபாக்ஸிக்கு மேல் போடுகிற டூ-கே (ஹார்டனர் கலந்து போடுகிற) சர்ஃபேசராலேயே அடைத்துவிடலாம், இரண்டு மூன்று கோட் ஆகும், அவ்வளவுதான்.

சர்ஃபேசர் காய்ந்ததும் அதன் மேல் கறுப்புப் பெயிண்டைத் தூரத்தில் இருந்து பனி தூவினாற்போல மெலிதாக அடிக்க வேண்டும். கைடு கோட் என்பார்கள். இதுதான் இந்த வேலையின் உயிர். 400 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து பிளாக் வைத்துத் தேய்க்கும்போது மேடான இடத்தில் கறுப்பு முதலில் போய்விடும், பள்ளத்தில் புள்ளி புள்ளியாகவோ கோடாகவோ நிற்கும். கண்ணும் விரலும் ஏமாறுகிற இடத்தில் இந்தக் கறுப்புப் புள்ளி உண்மையைச் சொல்லிவிடும். கறுப்பு நிற்கிற இடத்தை மட்டும் விடாமல் தேய்த்தால் அங்கே குழிதான் விழும், மறுபடி சர்ஃபேசர், மறுபடி கைடு கோட், மறுபடி தேய்ப்பு. எனக்குப் பார்க்கவே நன்றாகத்தான் இருக்கிறதே என்று தோன்றிய நிலையில் அண்ணன் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இன்னொரு சுத்து தேய்ச்சுருங்க, இப்ப விட்டா அப்புறம் கிளியர்ல பாத்துப் பாத்து வருத்தப்படுவீங்க" என்றார். தேய்த்தேன். கடைசியாக 600, 800. அந்த ஒரு சுற்றால் வந்த வித்தியாசம் இப்போது வெயிலில் நன்றாகத் தெரிகிறது.

நம் ஊரில் பெயிண்ட் அடிக்க நேரம் பார்க்க வேண்டும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் வரைக்கும் மண்ணை வாரி இறைக்கும், திறந்த இடத்தில் ஸ்பிரே கன்னைத் தொடவே முடியாது. மார்கழி விடியலில் பனி, ஈரம். ஈரக் காற்றில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்தால் தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் நீர் படிந்து வெண்மை பூத்துவிடும். இதெல்லாம் போக எங்கள் பக்கத்துக்கே உரியது பஞ்சுத் தூசி. பல்லடத்தில் இருந்து சோமனூர் வரைக்கும் தெருவுக்குத் தெரு விசைத்தறி, காற்றில் எப்போதும் பஞ்சு மிதக்கும், ஜன்னல் வலையில் படிந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். ஈரமான கிளியர் கோட்டில் ஒரு இழை விழுந்தால் எடுக்கப் போய்ப் பெரிய காயமாகிவிடும். வீட்டில் காலியாகக் கிடந்த கார் ஷெட்டின் உள்பக்கம் முழுக்க பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்து, ஒரு பக்கம் ஏர் ஃபில்டர் பஞ்சு கட்டிய திறப்பு, எதிர்ப்பக்கம் காற்று வெளியேற ஒரு திறப்பு என்று வைத்துக்கொண்டேன். காலை ஒன்பது மணி வாக்கில் பனி விலகி, காற்று எழும்புவதற்கு முன்னால் கிடைக்கிற நேரம்தான் நல்ல நேரம். பருத்திச் சட்டையோடு உள்ளே போகாமல் பழைய ரெயின்கோட் போட்டுக்கொண்டேன், உடுப்பில் இருந்து உதிர்வதும் பஞ்சுதானே.

தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையால் பாகத்தைத் தொடாதீர்கள். டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் இவற்றில் சிலிக்கான் இருக்கும், அந்தக் கையும் ஆகாது. தொட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகி நிற்கும், ஃபிஷ் ஐ என்பார்கள். கம்பரஸர் காற்றில் வருகிற நீரைப் பிடித்து நிறுத்தும் வாட்டர் டிராப் இல்லாமல் அடித்தாலும் இதே கதிதான்.

நிறத்துக்கு பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட்தான் எடுத்தேன், ஹார்டனர் கலந்து அடிப்பது. என்.சி. மலிவு, சீக்கிரம் காயும், ஆனால் பெட்ரோல் பட்டால் கரையும், பானெட்டுக்குள் அது சரிப்படாது. சின்னப் பாகங்களுக்குப் பெரிய கன் வேண்டாம், 0.8 அல்லது 1.0 நாசில் உள்ள டச்-அப் கன் போதும், அழுத்தம் 2 பார் பக்கம், தூரம் ஒரு சாண். முதல் கோட் மெலிதாக, அடித்தும் அடிக்காததுமாக. பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு, விரலால் டேப்பைத் தொட்டால் இழை வராத பதத்தில் அடுத்த கோட் நனையும்படி. ஓரங்களையும் குழிகளையும் முதலில் அடித்துவிட்டு அப்புறம் தட்டையான இடத்துக்கு வர வேண்டும், மாற்றிச் செய்தால் ஓரம் அடிக்கும்போது நடுவில் காய்ந்த தூள் படிந்து சொரசொரப்பாகும். தூரத்தில் இருந்து அடித்தாலோ தின்னர் குறைந்தாலோ ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளம், ஆரஞ்சு பீல், வரும். கிட்டே வந்து நிறுத்தினால் வழியும். கவரைக் கம்பியில் தொங்கவிடாமல் சுற்றக்கூடிய ஸ்டாண்டில் படுக்க வைத்து அடித்தேன், தட்டையாக இருந்தால் கிளியர் தானாகப் பரவிச் சமமாகும்.

பி.யு. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலுக்குக் கெடுதல், ஆஸ்துமா வரவைக்கும், ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுக்கும். கர்ச்சீப்போ சாதாரண மாஸ்க்கோ இதைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் தூசி ஃபில்டரும் உள்ள அரைமுக மாஸ்க், கண்ணாடி, கையுறை மூன்றும் இல்லாமல் கன்னை எடுக்காதீர்கள். நம் ஊர் பெயிண்டர்கள் பலர் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வருஷக் கணக்கில் அடிக்கிறார்கள், பார்க்கவே வேதனையாக இருக்கும். வேலை கொடுக்கிறவர்கள் ஒரு மாஸ்க்கும் வாங்கிக் கொடுத்தால் என்ன?

பேட்டரி டிரே, கிளாம்ப், பிராக்கெட்டுகளுக்குக் கையால் அடிக்காமல் பவுடர் கோட்டிங் கொடுத்தேன். 180 முதல் 200 டிகிரியில் உருகிப் படிகிற பூச்சு, ஆசிட் துளிக்கும் கல்லடிக்கும் நன்றாகத் தாங்கும். ரப்பர் புஷ், பிளாஸ்டிக் கிளிப் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், மறைகளுக்கு சிலிக்கான் மூடி போடச் சொல்லிக் கேளுங்கள். எஞ்சின் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் வெப்பத் தடுப்புத் தகடு வேறு சங்கதி. அங்கே பி.யு.வும் நிற்காது, பவுடரும் நிற்காது, கருகிப் போகும். ஹீட் ரெசிஸ்டண்ட் அலுமினியம் பெயிண்ட், 600 டிகிரி தாங்கும் என்று போட்டது, பிளாஸ்டிங் செய்த வெறும் தகட்டின் மேல் பிரைமர் இல்லாமல் மெலிதாக இரண்டு கோட். அது சூடு பட்டால்தான் இறுகும், முதல் ஓட்டத்தில் கொஞ்சம் புகையும், பயப்பட வேண்டாம்.

வண்டியிலேயே நிற்கிற பாகங்களில் தொடக் கூடாதவை சில. சேஸ் நம்பர் பொறித்த இடத்தின் மேல் பெயிண்டோ பட்டியோ ஏற்றாதீர்கள். 15 வருஷம் கழிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது நம்பரின் மேல் பேப்பரை வைத்து பென்சிலால் தேய்த்து பென்சில் பிரிண்ட் எடுப்பார்கள், எழுத்து தெளிவாக விழாவிட்டால் தேவையில்லாத அலைச்சல். பாடி எர்த் ஒயர் உட்காரும் இடம் வெறும் உலோகமாகவே இருக்க வேண்டும், பெயிண்ட் அடித்துவிட்டு மேலே முறுக்கினால் ஸ்டார்ட்டிங்கில் இருந்து சென்சார் வரைக்கும் காரணமே தெரியாமல் தொல்லை கொடுக்கும்.

அடித்து முடித்ததும் மாட்டிவிடக் கை பரபரக்கும். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் பி.யு. உள்ளே முழுசாக இறுக ஒரு வாரம் விட வேண்டும். அதற்குப் பிறகு 1500, 2000, 3000 என்று வாட்டர் பேப்பர் போட்டு, மெல்லிய தூசிப் புள்ளிகளை எடுத்து, ஃபோம் பேடில் காம்பவுண்ட் போட்டு பாலிஷ் செய்தேன். ஓரங்களில் கிளியர் எப்போதும் மெலிதாகத்தான் நிற்கும், அங்கே டேப் ஒட்டி வைத்துக்கொண்டு நடுவை மட்டும் தேய்க்க வேண்டும். கவரை மாட்டும்போது போல்ட்டை நடுவில் இருந்து வெளிப்பக்கமாக, மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன், ஒவ்வொன்றின் அடியிலும் புது வாஷர். அலுமினிய மறை, பலத்தைக் காட்டினால் கையோடு வந்துவிடும். எஞ்சினைச் சூடாக்கி ஆறவிட்டுக் கசிவு பார்த்தாயிற்று, ஓரம் சுத்தமாக இருக்கிறது.

இனி ஆயில் ஊற்றும்போது புனல் கட்டாயம், பிரேக் ஆயில் ஒரு துளி சிந்தினாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும், விட்டால் பி.யு.வையே கொப்பளிக்க வைக்கும். அடுத்தது எஞ்சினுக்குள் காற்று போகிற இன்டேக் மேனிபோல்டு. அதைக் கழற்ற கூலண்ட் இறக்க வேண்டும், கேஸ்கெட்டும் புதுசு வேண்டும், அதனால் அடுத்த கூலண்ட் மாற்றும் நேரத்தோடு சேர்த்துச் செய்வதாக இருக்கிறேன், ஆடிக் காற்று அடங்கின பிறகு.